நம்பப்படாத வலி

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள் நம் பெரியோர். இவ்விரண்டில் காய்ச்சலுக்காவது ஒரு சௌகரியம் உண்டு. நெற்றியில் கை வைத்தால் சுடும். அளந்து பார்க்கக் கருவியும் இருக்கிறது. வலிக்கோ அத்தகைய சாட்சி எதுவும் இல்லை. வலிக்கிறவன் சொல்லைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. அந்தச் சொல்லை மற்றவர்கள் நம்பாவிட்டால் அவன் கதி என்ன?

பத்துப் பதினைந்து வருஷமாக நீரிழிவு உள்ள ஒரு பெரியவரை நினைத்துக்கொள்ளுங்கள். பகலில் ஒருவாறு நடமாடிவிடுகிறார். இரவு படுக்கையில் காலை நீட்டியதும் உபத்திரவம் ஆரம்பமாகிறது. உள்ளங்கால் இரண்டும் மிளகாயை அரைத்துப் பூசியதுபோல் எரிகின்றன. எறும்பு ஊர்கிறது, ஊசி குத்துகிறது, இடையிடையே மின்சாரம் பாய்ந்தாற்போல் வெட்டி இழுக்கிறது. போர்வையின் ஓரம் விரலில் பட்டாலும் பொறுக்க முடிகிறதில்லை. எழுந்துபோய் ஈரத் தரையில் பாதங்களை வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருக்கிறார். காலைப் பார்த்தால் புண் இல்லை, வீக்கம் இல்லை, சிவப்புக்கூட இல்லை. "வயதானால் அப்படித்தான்" என்கிறார்கள் வீட்டார். ஆஸ்பத்திரியில் சர்க்கரையை மட்டும் பார்த்துச் சீட்டு எழுதி அனுப்பிவிடுகிறார்கள். நாளடைவில், பெரியவர் எதையும் மிகைப்படுத்துகிறவர் என்ற அபிப்பிராயம் வேரூன்றுகிறது. அதை அவரும் உணர்ந்து, சொல்வதையே விட்டுவிடுகிறார்.

இந்த மௌனத்தைக் குறித்தே இன்று எழுத முற்படுகிறோம். இது கற்பனை நோயன்று. பெயரும் காரணமும் உள்ள நோய். அதற்கு மருந்துகளும் உண்டு. அவற்றுள் சில, ஏழையும் வாங்கக்கூடிய விலையில் பல வருஷங்களாகவே இருந்துவருகின்றன. அப்படியிருந்தும் நோயாளிக்கு அவை கிட்டவில்லையென்றால் குறை மருந்தில் இல்லை, நம்மிடத்தில்தான் இருக்கிறது.

காரணமில்லாமல் குரைக்கும் நாய்

சாதாரண வலி ஒரு காவல் நாயைப் போன்றது. முள் குத்தினால், நெருப்புச் சுட்டால், எலும்பு முறிந்தால் அது குரைக்கிறது. நாம் விழித்துக்கொண்டு ஆவன செய்கிறோம். அபாயம் நீங்கியதும் நாய் அடங்கிவிடுகிறது. நரம்பு வலியில் நடப்பது வேறு. செய்தியைக் கொண்டுசெல்ல வேண்டிய நரம்பே சேதமடைந்துவிடுகிறது. திருடன் எவனும் வராத இரவிலும் நாய் ஓயாமல் குரைக்கிறது. நரம்பின் சவ்வில் சோடியம் நுழைவதற்கென்று நுண்ணிய கதவுகள் இருக்கின்றன. சேதமடைந்த நரம்பில் அவை காரணமின்றித் திறந்து திறந்து மூடுகின்றன. ஒவ்வொரு முறையும் ஒரு பொய்ச் செய்தி முதுகுத் தண்டை நோக்கி ஓடுகிறது. அங்கேயோ, இடைவிடாத செய்திகளால் கிளர்ச்சியுற்ற நரம்பணுக்கள் சிறு ஒலியையும் பேரொலியாக்கி மூளைக்கு அனுப்புகின்றன. மெல்லிய துணி பட்டாலும் நெருப்புப் பட்டாற்போல் இருப்பது இதனால்தான்.

இந்நோயை முதன்முதலில் விரிவாக வர்ணித்தவர்களில் ஒருவர் அமெரிக்க வைத்தியர் சைலஸ் வெயர் மிட்சல். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் குண்டடிபட்டு நரம்பு அறுந்த சிப்பாய்களுக்கு அவர் பிலடெல்பியா நகரில் சிகிச்சை செய்தார். காயம் ஆறிய பின்பும் அவர்களில் சிலருக்குக் கையும் காலும் எரிந்துகொண்டே இருந்தன. எப்போதும் நீர்க் குப்பியும் நனைத்த துணியுமாகத் திரிந்தார்கள். சிலர் பூட்ஸுக்குள்ளேயே தண்ணீரை ஊற்றிக்கொண்டார்கள். பீரங்கிக்கு அஞ்சாத அந்த வீரர்களைக் கோழைகள் என்று சொல்ல யாருக்குத்தான் நா எழும்? ஈரத் தரையில் கால் வைத்து உட்கார்ந்திருக்கும் நம் பெரியவருக்கும் அந்தச் சிப்பாய்களுக்கும் உள்ள உபத்திரவம் ஒரே இனத்தைச் சேர்ந்தது.

யாருக்கு வருகிறது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வின்படி நம் தேசத்தில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10 கோடிப் பேர். நீரிழிவுக்காரர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நாளடைவில் நரம்புகள் சேதமடைகின்றன. அவர்களில் ஒரு சாராருக்குக் கால் மரத்துப்போகிறது. மற்றொரு சாராருக்கு எரிகிறது. இரண்டும் ஒருங்கே நேரிடுவதும் உண்டு. இது ஒன்றே போதும், இவ்விஷயம் எவ்வளவு பெரியது என்று காட்ட.

அக்கி வந்தவர்களின் கதை வேறு. கொப்புளம் வற்றித் தோல் உரிந்த பிறகும் சிலருக்கு, விசேஷமாக முதியோருக்கு, அந்த இடத்தில் மாதக்கணக்கில், சமயங்களில் வருஷக்கணக்கில், வலி நீடிக்கிறது. குயவரிடம் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொண்டவரும் சரி, டாக்டரிடம் போனவரும் சரி, இதற்குத் தப்புவதில்லை. தொழுநோயில் கிருமி ஒழிந்து நோயாளி குணமடைந்துவிட்டார் என்று ஏட்டில் பதிந்த பிறகும் நரம்பு வலி தொடர்வதுண்டு. உலகத்தில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நம் தேசத்தவர் என்பதை மறக்கலாகாது. புற்றுநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகள், முதுகெலும்பின் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துதல், பக்கவாதம் ஆகியவையும் இவ்வலிக்குக் காரணமாகின்றன. முகத்தில் வரும் ஒருவகை நரம்பு வலியில், பல் துலக்கினாலும் காற்றுப் பட்டாலும் கன்னத்தில் இடி விழுந்தாற்போல் இருக்கும். பல் வலியென்று எண்ணி நல்ல பற்களைப் பிடுங்கிக்கொண்டவர்கள் பலர்.

தவறான மருந்து

வலி என்றதும் நம்மவர் செய்வது என்ன? மருந்துக் கடைக்குப் போய் டைக்ளோஃபினாக் மாத்திரை வாங்கி விழுங்குகிறார்கள். அல்லது ஊசி போட்டுக்கொள்கிறார்கள். அடிபட்ட வீக்கத்துக்கும் மூட்டு அழற்சிக்கும் அது உதவும். ஏனெனில் வீங்கிய தசையிலே உண்டாகும் ஒரு ரசாயனப் பொருளை அது தடுக்கிறது. நரம்பு வலி பிறக்குமிடம் அதுவன்று. ஆகவே பிரயோஜனம் சொற்பம். தீமையோ சொற்பமன்று. மாதக்கணக்கில் உட்கொண்டால் வயிற்றில் புண் உண்டாகிறது, சிறுநீரகம் கெடுகிறது. நீரிழிவுக்காரரின் சிறுநீரகம் ஏற்கெனவே நலிந்திருக்கக்கூடியது. வலியும் தீராமல் சிறுநீரகத்தையும் பறிகொடுப்பது என்ன நியாயம்?

நரம்பு வலிக்கு உதவும் மருந்துகள் பெரும்பாலும் வேறு நோய்க்காகச் செய்யப்பட்டவை என்பது வைத்திய சரித்திரத்தின் விந்தைகளில் ஒன்று. கார்பமசெபைன் என்னும் மருந்து 1953-ல் ஸ்விட்ஸர்லாந்தின் கெய்கி கம்பெனியில் உருவாயிற்று. காக்காய் வலிப்புக்குப் பயன்படும் அது, முகத்து நரம்பு வலியைத் தணிப்பதை 1962-ல் கண்டார்கள். அமிட்ரிப்டிலின் 1961-ல் அமெரிக்காவில் மனச்சோர்வுக்காக அனுமதி பெற்றது. மனச்சோர்வே இல்லாதவர்களுக்கும் அது நரம்பு வலியைக் குறைப்பது பின்னர் தெளிவாயிற்று. கபாபென்டின் 1993-ல் வலிப்புக்காக வந்தது. 2002-ல் அக்கிக்குப் பின் வரும் வலிக்கும் அனுமதி கிடைத்தது. அதன் இளைய சகோதரன் என்று சொல்லத்தக்க பிரகாபலினும், மனச்சோர்வு மருந்தான டுலாக்ஸிடினும் 2004-ல் அங்கே நீரிழிவு நரம்பு வலிக்காக அங்கீகாரம் பெற்றன.

இவை வேலை செய்யும் முறையும் ஒன்றல்ல. கார்பமசெபைன் சோடியக் கதவுகளை அடக்குகிறது. கபாபென்டினும் பிரகாபலினும் நரம்பு நுனியிலுள்ள கால்ஷியக் கதவின் ஒரு பகுதியைப் பற்றிக்கொண்டு, செய்தி அடுத்த நரம்புக்குத் தாவுவதைக் குறைக்கின்றன. அமிட்ரிப்டிலினும் டுலாக்ஸிடினும், மூளை தன் இயல்பாகவே முதுகுத் தண்டுக்கு அனுப்பும் "அடங்கு" என்ற ஆணையைப் பலப்படுத்துகின்றன. மனச்சோர்வு மருந்தைக் கொடுத்தால் "எனக்கென்ன பைத்தியமா?" என்று நோயாளி கோபித்துக்கொள்வதுண்டு. இந்த விவரத்தை டாக்டர் இரண்டு நிமிஷம் எடுத்துச் சொன்னால் அந்தக் கோபத்துக்கு இடமிராது.

உண்மையைச் சொல்லவேண்டும்

இம்மருந்துகள் சஞ்சீவியல்ல. வலியைப் பாதியாகக் குறைப்பதே பெரிய வெற்றி என்று நிபுணர்கள் கருதுகிறார்கள். மருந்தல்லாத வெற்று மாத்திரையால் அடையும் ஆறுதலைக் கழித்துப் பார்த்தால், அமிட்ரிப்டிலின் இனத்து மருந்துகளால் அவ்வளவு நன்மை அடைகிறவர் நாலைந்து பேரில் ஒருவர். டுலாக்ஸிடின் இனத்தால் ஏழு பேருக்கு ஒருவர். பிரகாபலின் இனத்தால் எட்டு ஒன்பது பேருக்கு ஒருவர். இதைக் கேட்டு நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. ஒன்று பலிக்காதவருக்கு மற்றொன்று பலிக்கலாம். இரண்டைச் சிறு அளவில் சேர்த்துக் கொடுத்தால் பலிக்கலாம். ஆனால் ஒரே நாளில் குணத்தை எதிர்பார்த்து, மூன்றாம் நாள் மருந்தை வீசிவிடுகிறவருக்கு எதுவும் பலிக்காது. சொற்ப அளவில் ஆரம்பித்துப் படிப்படியாக ஏற்றிச் சில வாரம் பொறுத்துப் பார்க்கவேண்டும்.

கெடுதல்களையும் மறைக்கலாகாது. அமிட்ரிப்டிலின் வாயை உலர்த்தும். தூக்கத்தையும் மலச்சிக்கலையும் உண்டாக்கும். இருதய நோய், கண் அழுத்த நோய், சிறுநீர்த் தடை உள்ள முதியோருக்கு அது ஆகாது. பிரகாபலின் தலைசுற்றல், கால்வீக்கம், உடல் பருமன் இவற்றைத் தரலாம். சிறுநீரகம் நலிந்தவர்களுக்கு அளவைக் குறைக்கவேண்டும். அது பழக்கமாகிவிடும் அபாயமும் உண்டு. இக்காரணத்தால் பிரிட்டனில் 2019 முதல் அதையும் கபாபென்டினையும் கட்டுப்பாட்டு மருந்துகளோடு சேர்த்தார்கள். கார்பமசெபைன் உட்கொள்ளும்போது தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ தோன்றினால் உடனே நிறுத்தி டாக்டரிடம் ஓடவேண்டும். ஆசிய இனத்தவர் சிலரிடத்தில் உள்ள ஒரு பரம்பரைக் கூறு, இம்மருந்தோடு சேர்ந்து உயிருக்கே ஆபத்தான தோல் நோயை உண்டாக்குவது 2004-ல் தைவான் நாட்டு ஆராய்ச்சியில் வெளியாயிற்று. மற்றபடி, இவற்றில் எதையும் டாக்டரைக் கேளாமல் திடீரென்று நிறுத்துவது தவறு.

இனி விலை விஷயம். பழைய மருந்து மட்டம், புதிய மருந்து உயர்வு என்ற எண்ணம் படித்தவர்களிடமே அதிகம். பிரிட்டனில் 13 ஆஸ்பத்திரிகளில் நீரிழிவு நரம்பு வலி உள்ள 130 பேரிடம் ஓர் ஆராய்ச்சி நடத்தி 2022-ல் வெளியிட்டார்கள். அமிட்ரிப்டிலினில் தொடங்குவது, டுலாக்ஸிடினில் தொடங்குவது, பிரகாபலினில் தொடங்குவது, போதாதபோது மற்றொன்றைச் சேர்ப்பது என்று மூன்று வழிகளையும் ஒவ்வொருவருக்கும் முறைமாற்றிப் பார்த்தார்கள். பத்துக்கு 6.6 என்றிருந்த வலி மூன்று வழிகளிலும் 3.3-க்கு இறங்கிற்று. வித்தியாசம் இல்லை. 1961-ல் அனுமதி பெற்ற, மிகக் குறைந்த விலையுள்ள மருந்து, தனக்கு நாற்பது வருஷம் பின்னால் வந்தவற்றுக்குச் சமமாக நின்றது. அது ஒத்துக்கொள்ளும் உடம்புக்கு அதுவே போதும்.

வியாபாரத்தின் கை

மருந்தைப் பற்றிப் பேசும்போது மருந்து வியாபாரத்தைப் பற்றியும் பேசாதிருக்க முடியாது. கபாபென்டினை அனுமதி பெறாத நோய்களுக்கெல்லாம் சட்டவிரோதமாகப் பரப்பிய குற்றத்தை அதன் கம்பெனி 2004-ல் அமெரிக்காவில் ஒப்புக்கொண்டு 43 கோடி டாலர் கட்டியது. 1996-ல் அங்கே விற்பனைக்கு வந்த ஆக்ஸிகான்டின் என்ற அபினி இனத்து மாத்திரையை, பழக்கமாகும் பயம் குறைவு என்று சொல்லிப் பரப்பினார்கள். அதைத் தொடர்ந்து மூண்ட அபினி மருந்து விபத்தில் லக்ஷக்கணக்கானோர் மாண்டார்கள். நரம்பு வலிக்கு அபினி இனத்து மருந்து முதல் மருந்தன்று. மற்றவை பலிக்காதபோது, கண்காணிப்போடு கொடுக்கத்தக்கது. ஆனால் புற்றுநோய்க்காரரின் கடும் வலிக்கு மார்ஃபின் இன்றியமையாதது. 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் நம் தேசத்தில் அதுவும் கிடைக்காமல் நோயாளிகள் துடித்தார்கள். 2014-ல் அச்சட்டத்தைத் திருத்தினார்கள். அங்கே அளவுக்கு மிஞ்சிக் கொடுத்தது குற்றம். இங்கே வேண்டியவனுக்கும் மறுத்தது குற்றம்.

நம் கடைகளில் பிரகாபலினோடு மெத்தில்கோபாலமின் என்னும் வைட்டமினைச் சேர்த்து ஒரே மாத்திரையாக விற்கிறார்கள். மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் உட்கொள்ளும் நீரிழிவுக்காரருக்கு பி12 வைட்டமின் குறைவதுண்டு. மரக்கறி உணவு கொள்வோருக்கும் குறைவதுண்டு. அக்குறையே நரம்பைக் கெடுக்கும். அவர்களுக்கு அந்த வைட்டமின் அவசியம். குறையில்லாதவருக்கு அது செலவே. ரத்தத்தைச் சோதித்தறிந்து கொடுப்பதே முறை.

வரவிருக்கும் மருந்துகள்

மிளகாய் பூசியதுபோல் எரிகிறது என்று நம் பெரியவர் சொன்னது வெறும் உவமையன்று. மிளகாயின் காரமும் நெருப்பின் சூடும் நரம்பில் ஒரே கதவைத் தட்டுகின்றன என்பதை டேவிட் ஜூலியஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1997-ல் கண்டார். 2021-ல் நோபெல் பரிசு பெற்ற இருவரில் அவர் ஒருவர். காரத்தின் சத்தை மிகச் செறிவாகப் பூசினால், வலி நரம்பின் நுனிகள் சில மாதங்களுக்குச் செயலற்றுப் போகின்றன. இந்த முறையில் செய்த ஒட்டுப் பட்டை, அக்கி வலிக்கு 2009-லும் நீரிழிவுக் கால் வலிக்கு 2020-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பஸிபிக் கடலில் வாழும் ஒரு நத்தையின் விஷத்திலிருந்து பிறந்த ஜிகோனோடைட் என்ற மருந்து 2004-ல் வந்தது. ஆனால் அதை முதுகுத் தண்டின் நீருக்குள் கருவி வைத்துச் செலுத்தவேண்டும். ஆதலால் வெகு சிலருக்கே பயன்படும்.

2006-ல் வெளியான ஒரு செய்தி விஞ்ஞானிகளை விழிக்கச் செய்தது. வட பாகிஸ்தானில் சில குடும்பங்களில் வலி என்பதையே அறியாத குழந்தைகள் பிறந்திருந்தார்கள். அவர்களில் ஒரு சிறுவன் தெருவில் கையைக் கத்தியால் குத்திக் காட்டியும் தணலில் நடந்தும் வித்தை செய்தவன். கூரையிலிருந்து குதித்து, பதினான்கு வயது நிறையுமுன் இறந்தான். வலி முற்றும் ஒழிந்தாலும் ஆபத்து என்பதற்கு அவன் வாழ்வே சாட்சி. அக்குழந்தைகளிடத்தில் ஒரு குறிப்பிட்ட சோடியக் கதவு வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. அது முதல், மூளையைத் தொடாமல் வலி நரம்பின் கதவை மட்டும் மூடும் மருந்துக்காகத் தேடல் தீவிரமாயிற்று. முதலில் தேடியது பலிக்கவில்லை. அதே இனத்து மற்றொரு கதவை மூடும் சுசெட்ரிஜின் என்ற மருந்து 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அபினி இனத்தைச் சேராதது. பழக்கமாகும் என்ற பயமில்லாதது. நல்ல செய்திதான். ஆனால் அந்த அனுமதி, அறுவைக்குப் பின் வருவதுபோன்ற திடீர் வலிக்கே. நாட்பட்ட நரம்பு வலிக்கு அன்று. இடுப்பிலிருந்து காலுக்கு இழுக்கும் நரம்பு வலியில் சோதித்தபோது, 2024 டிசம்பரில் வெளியான முடிவின்படி, வெற்று மாத்திரை உட்கொண்டவர்களுக்கும் அதே அளவு குறைந்திருந்தது. ஆகவே நாளை வரும் மருந்தைக் காட்டி இன்று இருக்கும் மருந்தைப் புறக்கணிப்பது விவேகமாகாது.

செய்யவேண்டியது

வருமுன் காப்பது எல்லாவற்றிலும் மேல். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால், குறிப்பாக இளமையிலேயே வரும் நீரிழிவில், நரம்புச் சேதம் பெரிதும் குறைகிறது என்று 1993-ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி நிரூபித்தது. அக்கியைத் தடுக்கச் சிறந்த தடுப்பூசி 2017 முதல் உலகில் உண்டு. விலைதான் நம் ஏழைகளுக்கு எட்டாதது.

வந்துவிட்டவர்களுக்கோ மூன்று காரியங்கள் உடனே செய்யலாம். முதலாவது, கேட்பது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்படி நீரிழிவு மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுக்க ஏற்பாடாயிற்று. மாத்திரை கொடுக்கும் கை, "இரவில் கால் எரிகிறதா?" என்று ஒரு கேள்வியும் கேட்கட்டும். அதற்குச் செலவு ஏது? இரண்டாவது, கொடுப்பது. அமிட்ரிப்டிலினும் கார்பமசெபைனும் தேசத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை. அவை பெரிய ஆஸ்பத்திரியோடு நின்றுவிடாமல் ஆரம்ப சுகாதார நிலையம்வரை இருக்கவேண்டும். எப்படிக் கொடுப்பது என்பதும் அங்குள்ள டாக்டருக்குப் பழகியிருக்கவேண்டும். மூன்றாவது, நம்புவது. இதற்குச் சட்டமும் வேண்டாம், பணமும் வேண்டாம்.

பொதுக் காரியங்களில் ஈடுபட்ட அன்பர்கள் தங்கள் ஊர் சுகாதார நிலையத்துக்குச் சென்று, இவ்விரு மருந்துகளும் இருக்கின்றனவா என்று விசாரிப்பார்களாக. இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேட்பார்களாக. சாலைக்கும் குடிநீருக்கும் மகஜர் எழுதும் கை இதற்கும் எழுதலாம். அதற்கு முன்பாக இன்றிரவு தங்கள் வீட்டுப் பெரியவரிடம் போய், கால் எப்படி இருக்கிறது என்று கேட்கட்டும். அவர் சொல்வதை இடைமறியாமல் கேட்கட்டும். மருந்து நாளைக்குக் கிடைக்கலாம்; தம்மை நம்ப ஒருவர் இருக்கிறார் என்ற ஆறுதல் இன்றே கிடைக்கும்.